ஐம்பத்திரண்டில் இல்லாத பெயர்

பிரசீதா யாருக்கும் ஒரு புத்தகத்தைச் சும்மா எடுத்து நீட்டிவிடமாட்டாள். முதலில் ஒரு கேள்வி இருக்கும். "இது உங்களுக்கு என்ன செய்யணும்?" சிரிக்க வைக்கவேண்டுமா, அழ வைக்கவேண்டுமா, மாமியாரோடு பேசாமல் இருக்க ஒரு சாக்கு வேண்டுமா, எதுவானாலும் சொல்லிவிட வேண்டும். சொன்னதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள். புத்தகம் திரும்பி வரும்போது மறு கேள்வி. "செஞ்சுச்சா?" அந்தப் பதிலும் நோட்டில் ஏறும். இடது பக்கம் கேட்டது, வலது பக்கம் கிடைத்தது.

மேலேக்கண்டி வாசகசாலையில் அவளுக்கு வேலையே பெண்கள் இருக்கும் வீடுகளுக்குப் புத்தகம் சுமப்பதுதான். தோளில் ஒரு பை, கையில் ஒரு குடை, நூற்றுப்பன்னிரண்டு வீடு, பதினோரு வருஷம். நோட்டு எழுதச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. அது அவளுடைய சொந்தப் பைத்தியம்.

அந்த நோட்டைப் புரட்டினால் ஊரே தெரியும். கிழக்கே வீட்டு உஷா ஏழு மாதக் கர்ப்பிணி. யாரும் சாகாத கதை வேண்டும் என்றாள். பிரசீதா ஆறு நாவல்களை முன்கூட்டியே படித்துப் பார்த்தாள். ஆறிலும் சாவு. ஒன்றில் ஆள் தப்பித்து நாய் செத்தது. கடைசியில் வாழை சாகுபடி பற்றிய ஒரு புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். உஷா மூன்றாம் நாளே மூக்கை உறிஞ்சிக்கொண்டு திருப்பித் தந்தாள். "என்ன பிரசீதேச்சி இது, நூத்திப்பத்தாம் பக்கத்துல வாடல்நோய் வந்து தோட்டமே போயிடுச்சு."

நபீசாவின் புருஷன் துபாயில். ராத்திரி குலை நடுங்க ஒரு பேய்க்கதை வேண்டும் என்று கேட்டு வாங்கினாள். வலது பக்கத்தில் அவள் சொன்னது இப்படி இருக்கிறது: "பயம் வரல. பேச்சுத்துணைக்கு ஆள் வந்தமாதிரி இருந்துச்சு." தூக்கம் வர ஏதாவது கொடு என்ற ரோகிணிக்கு, தலையணை கனத்தில் ஒரு வெளிநாட்டு மொழிபெயர்ப்பைக் கொடுத்தாள். ரோகிணி மூன்று ராத்திரி கண் மூடவில்லை, காலையில் கஞ்சியைக் கரியவிட்டாள், நேரே வாசகசாலைக்கே சண்டைக்கு வந்துவிட்டாள். ரிட்டயர்டு தபால்காரி பங்கஜம் துப்பறியும் கதை மட்டும்தான் படிப்பார். கொலைகாரன் யாரென்று முப்பதாம் பக்கத்திலேயே ஊகித்துவிடுவார். ஊகம் சரியானால் கதை மட்டம் என்று திட்டுவார். தப்பானால் எழுதியவன் மோசடிக்காரன் என்று திட்டுவார். அவருக்கு மட்டும் வலது பக்கத்தில் எழுத பிரசீதாவுக்கு எப்போதும் ஒரே வார்த்தைதான் மிச்சம்: "திட்டினார்."

இத்தனை வருஷம் எழுதியதில் அவளுக்கு ஒன்று புரிந்திருந்தது. நல்ல புத்தகமா கெட்ட புத்தகமா என்று தலையைப் பிய்த்துக்கொள்வது வாசகசாலைக் கமிட்டியின் வேலை. வீட்டில் இருப்பவள் புத்தகத்தைத் திறக்கும்போதே அதில் தனக்கென்று ஒன்றைத் தேடிக்கொண்டுதான் திறக்கிறாள். அது இருந்தால் புத்தகம் தங்கம், இல்லாவிட்டால் காகிதம்.

இப்படி இருக்கையில்தான் குஞ்ஞம்பு மாஷ் புத்தகம் எழுதினார்.

மாஷ் வாசகசாலையின் தலைவர். முப்பது வருஷம் பள்ளியில் கணக்கு வாத்தியார், அதனால்தான் ஊருக்கு மாஷ். அதற்கு முன்னால், பதினான்கு வயதிலிருந்து, கடைத்தெருப் பீடிக் கொட்டகையில் பீடி சுற்றியவர். புத்தகத்தின் பெயர் 'கத்தரியும் கரும்பலகையும்'. வாசகசாலையே முந்நூறு பிரதி அச்சடித்தது. வெளியீட்டு விழாவில் பாயசம் வைத்தார்கள். மறுநாளே கமிட்டி முடிவு செய்துவிட்டது: பிரசீதா இதை வீடு வீடாகக் கொண்டுபோகவேண்டும், ஆடி மாத வாசகர் கூட்டத்தில் பெண்கள் என்ன சொன்னார்கள் என்று நோட்டைப் பார்த்து வாசிக்கவேண்டும்.

வழக்கம்போல அவள் கேட்டாள். இந்தத் தடவை யாரும் எதையும் தேடிக் கேட்கவில்லை. "மாஷ் எழுதினதாச்சே, என்ன செய்யப்போவுது? ரோட்டுல பாத்தா படிச்சியான்னு கேப்பாரு. படிச்சேன்னு சொல்லணும், அவ்வளவுதான்," என்றாள் ரோகிணி. இடது பக்கம் முழுக்க அநேகமாக இதுதான்.

ஊரே அக்கா முறையில் ஏடத்தி என்று கூப்பிடும் ஜானகி மட்டும் வேறு மாதிரி. எழுபத்தெட்டு வயது. முதியோர் கல்வி வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படித்தவள், அதற்குப் பிறகு பஸ் போர்டைத் தவிர எதையும் படித்ததில்லை. அவள் வாசகசாலையில் உறுப்பினரே இல்லை. அன்று வேலியோரம் நின்று, போய்க்கொண்டிருந்த பிரசீதாவைக் கூப்பிட்டாள்.

"மோளே, மாஷ் புஸ்தகம் பையில இருக்கா?"

"இருக்கு ஏடத்தி. ஆனா மெம்பரா சேரணும்."

"சேத்துக்கோ. அது ஒண்ணு மட்டும் குடு. வேற எதுவும் எனக்கு வேணாம்."

"இது உங்களுக்கு என்ன செய்யணும் ஏடத்தி?"

ஏடத்தி வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். முன்வாசலில் அவள் மகன் பவித்ரன் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பத்தொன்பது வயதில் ஷார்ஜாவுக்குப் போய், ஐம்பது தாண்டித் திரும்பியவன்.

"அவங்க பேரு இருக்கணும்," என்றாள் தாழ்ந்த குரலில்.

அவங்க என்றால் அவள் புருஷன் சாத்து. இறந்து இருபது வருஷம் ஆகிறது. மாஷ் பீடி சுற்றிய அந்தக் கொட்டகையில் ஐம்பத்திரண்டு பேர் தலை கவிழ்ந்து, மடியில் முறம் வைத்து, இலை வெட்டித் தூள் வைத்துச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். கை ஓடும், காது சும்மா கிடக்கும். அந்தக் காதுக்காகத் தொழிலாளிகளே ஓர் ஆளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். காலையில் பத்திரிகை, சாப்பாட்டுக்குப் பிறகு நாவல், உரக்கப் படிக்கவேண்டும். படிப்பதற்குக் கம்பெனி கூலி தராது. அதனால் ஒவ்வொருவரும் தன் முறத்திலிருந்து கொஞ்சம் பீடியைப் படிக்கிறவன் முறத்தில் போட்டுவிடுவார்கள், அந்தப் பீடிக்குரிய காசு அவனுக்கு. சாத்து ஒன்பது வருஷம் அப்படிப் படித்தார். பவித்ரன் தொட்டிலில் கிடந்தபோது கொட்டகையை மூடினார்கள். மற்றவர்கள் வேறு கம்பெனிக்குப் போனார்கள். சாத்துவுக்குக் கைவேலை தெரியாது. படிக்கத்தான் தெரியும். அதற்கு எவன் கூலி கொடுப்பான்?

அந்தப் பட்டினியில் வளர்ந்த பையன் பவித்ரன். கோபம் அவனுக்கு இன்றும் ஆறவில்லை. "அச்சன் பீடிக் கம்பெனியில வேல பாத்தாராம்! ஒத்த பீடி சுத்தினவர் இல்ல. அடுத்தவன் உழைப்புல காலாட்டிக்கிட்டு இருந்தவர்," என்பான், வீட்டுக்கு வந்தவர் போனவரிடமெல்லாம். ஜானகி ஏடத்தி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கடைசியில் ஒருநாள், "மாஷ் கொட்டகையப் பத்திப் புஸ்தகம் எழுதுறாரு. அதுல இருக்கும் அச்சன் யாருன்னு. அச்சுல போட்டா நம்புவியா?" என்று கேட்டுவிட்டாள். "பாக்கலாம்," என்றான் அவன்.

பிரசீதா இடது பக்கத்தில் எழுதினாள்: ஜானகி, வடக்கே வளப்பு வீடு. புருஷன் பெயர்.

மற்றவர்கள் நான்கு நாளில் திருப்பிய புத்தகத்தை ஏடத்தி நாற்பது நாள் வைத்திருந்தாள். மூன்று தடவை தவணை நீட்டினாள். ஒவ்வொரு முறையும் பிரசீதா வேலிக்கு வெளியே நின்று, "வந்துச்சா?" என்பாள். "இன்னும் வரல. தொண்ணூறாம் பக்கத்துல இருக்கேன்." மழை பிடித்துக்கொண்டது. "நூத்தி முப்பது. கொட்டகை முடிஞ்சு மாஷ் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டாரு. கடைசியில ஒரு லிஸ்ட் இருக்குன்னு அவங்களோட கொட்டகையில இருந்த பொக்கேட்டன் சொன்னாரு. அதுல இருக்கும்."

கடைசியில் ஒரு பட்டியல் இருக்கத்தான் செய்தது. கொட்டகையில் வேலை பார்த்தவர்கள் என்று ஐம்பத்திரண்டு பெயர், வீட்டுப்பெயரோடு. மாஷ் ரொம்பச் சிரமப்பட்டுக் கம்பெனியின் பழைய பதிவேட்டைத் தேடிப்பிடித்து எடுத்திருந்தார். ஏடத்தி ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தாள். பிறகு கீழிருந்து மேலாக ஒருதரம் படித்தாள். பிறகு பவித்ரன் வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அவன் சிரிக்கக்கூட இல்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"செஞ்சுச்சா ஏடத்தி?" என்று பிரசீதா கேட்டபோது, "நல்ல பேப்பர் மோளே, வழவழன்னு இருக்கு," என்று சொல்லிப் புத்தகத்தை முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். உறுப்பினர் அட்டையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள்.

பிரசீதா அந்த அட்டையை நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அன்று வீட்டில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைத் தானும் ஒருமுறை புரட்டினாள். நாற்பத்தொன்றாம் பக்கத்திலிருந்து ஆறு பக்கம் முழுக்கப் படிப்பைப் பற்றித்தான். 'பிற்பகலில் வாசிப்பு தொடங்கும். கேட்கக் கேட்கக் கைகள் தாமே ஓடும். கதாநாயகி விஷம் குடித்த அன்று கொட்டகையில் பீடியெல்லாம் கோணலாக வந்தது.' அழகாகத்தான் எழுதியிருந்தார். வாசிப்பு தொடங்கும், வாசிப்பு நிற்கும். வாசித்தது யார் என்று மட்டும் ஒரு வரி இல்லை.

வெள்ளிக்கிழமை வாசகசாலையில் மாஷைத் தனியாகப் பிடித்தாள். "மாஷே, அந்த நாப்பத்தொண்ணாம் பக்கம்..."

"இப்ப ஒண்ணும் சொல்லாதே. ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாலயும் சொல்லு. ஒண்ணு மட்டும் சொல்றேன், பூசி மெழுகாதே. எனக்கு உண்மையான அபிப்பிராயம் வேணும்." சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார். உண்மையான அபிப்பிராயம் வேண்டும் என்பவர்களின் முகத்தில் ஒரு களை இருக்கும். அது மாஷ் முகத்திலும் இருந்தது.

செயலாளர் ரஜீஷ் வாசல்வரை வந்தான். "சேச்சி, கொஞ்சம் பாத்துப் பேசுங்க. ஓணம் முடிஞ்சதும் உங்க வேலைய நீட்டிக் கையெழுத்துப் போடவேண்டியது அவருதான்." கெட்டவன் இல்லை. அவள் வீட்டில் அடுப்பு எதில் எரிகிறது என்று தெரிந்துதான் சொன்னான். இரண்டு நாளும் பிரசீதா பயந்துகொண்டேதான் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மழையிலும் அறுபது பேர் வந்திருந்தார்கள். பால் விடாத கட்டஞ்சாயாவும் பருப்புவடையும் கொடுத்து முடித்ததும் பிரசீதாவைக் கூப்பிட்டார்கள். அவள் நோட்டை விரித்து வாசிக்க ஆரம்பித்தாள். முப்பத்திநாலு வீட்டுக்குப் புத்தகம் போனது. உஷா: யாரும் சாகவில்லை, சந்தோஷம். நபீசா: பள்ளிக்கூடத்து ஆய்வாளர் வரும் இடத்தில் பயம் வந்தது. பங்கஜம்: மாஷ் வாத்தியாராவார் என்று முப்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. கூட்டம் சிரித்தது. மாஷ்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். ஜானகி ஏடத்தியின் பக்கம் வந்தது. பிரசீதாவின் கை அதைத் தானாகப் புரட்டித் தள்ளிவிட்டது. மீதியை வாசித்து முடித்து, நோட்டை மூடி உட்கார்ந்தாள். தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"ஒரு நிமிஷம்," என்றார் மாஷ். "முப்பத்திநாலு வீடுன்னு சொன்னே. நான் எண்ணிக்கிட்டே வந்தேன், முப்பத்திமூணுதான் வந்துச்சு. கணக்கு வாத்தியார்கிட்டயா? எங்க ஒண்ணு?"

ரஜீஷ் தலையைக் குனிந்துகொண்டான். பிரசீதா எழுந்தாள்.

"ஜானகி, வடக்கே வளப்பு," என்று வாசித்தாள். "கேட்டது, புருஷன் சாத்துவோட பேரு. கிடைச்சது, நல்ல பேப்பர்."

மாஷ் முகம் சிவந்தது.

"அது... நான் பதிவேட்டப் பாத்துத்தான் எழுதியிருக்கேன். ஒரு பேரு கூடவும் இல்ல, குறையவும் இல்ல. சாத்து அதுல இல்ல. நான் கற்பனையா எழுத முடியுமா?"

பின்வரிசையிலிருந்து பொக்கேட்டன் எழுந்தார். கொட்டகையில் மாஷுக்குப் பக்கத்து முறம். அந்த ஐம்பத்திரண்டில் உயிரோடு இருப்பவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். "எடா குஞ்ஞம்பு, நாம சோறு போட்ட ஆளு கம்பெனிப் பதிவேட்டுல எப்படிடா இருப்பான்? அவனுக்குக் கூலி குடுத்தது கம்பெனியா, நீயும் நானுமா?"

"தெரியும் பொக்கா. அதான் பேரு வேணாம்னு... வாசிப்புன்னு சொன்னாலே சாத்துதானே? ஊருக்கே தெரியுமே. தெரிஞ்சத எதுக்கு எழுதணும்னு விட்டுட்டேன்."

இந்த இடத்தில் பிரசீதா உட்கார்ந்திருக்கலாம். மாஷுக்கு ஒரு சமாதானம் கிடைத்துவிட்டது, கூட்டமும் தலையாட்டத் தயாராக இருந்தது. அவள் உட்காரவில்லை. நோட்டை மறுபடி விரித்தாள்.

"ஊருக்குத் தெரியாது மாஷே. உஷா சொன்னது, 'மாஷ் கொட்டகையில நாவல் படிச்ச கட்டம் ரொம்ப நல்லாயிருக்கு.' ரோகிணி, 'சின்ன வயசுலயே மாஷ் எல்லாருக்கும் படிச்சுக் காட்டியிருக்காரே.' நபீசா, 'மாஷ் குரல கேக்கணும்போல இருந்துச்சு.' இன்னும் பதினோரு பேரு இதேதான் சொன்னாங்க. முன்னாடி வாசிக்கும்போது இதையெல்லாம் விட்டுட்டேன். அவங்க எல்லாரும் படிச்சது நீங்கன்னு நெனச்சுட்டாங்க."

மாஷ் தன் புத்தகத்தை எடுத்து நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்தார். மறுபடி பேசியபோது குரல் வகுப்பறைக் குரலாக இல்லை.

"உஷா என்கிட்டயே ரோட்டுல சொன்னா. ரெண்டு மூணு பேரு சொன்னாங்க." நிறுத்தினார். "படிச்சது நான் இல்லன்னு நான் சொல்லல. அடுத்த தடவை சொல்லிக்கலாம்னு இருந்தேன். கேக்க நல்லாயிருந்துச்சு."

யாரும் அவரைப் பார்க்கவில்லை. பொக்கேட்டன் மட்டும், "இத ஒத்துக்கிட்டியே, அது போதும், உக்காரு," என்றார். மாஷ் உட்காரவில்லை. கூட்டம் முடியும்முன்பே குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பிரசீதா வேலை போய்விட்டது என்றே நினைத்தாள். நான்கு நாள் மாஷ் வாசகசாலைப் பக்கமே வரவில்லை. ஐந்தாம் நாள் காலை அவள் பையை அடுக்கும்போது வந்து நின்றார். ஒரு கையில் அச்சகத்துப் பொட்டலம், இன்னொரு கையில் கிண்ணத்தில் மைதாப் பசை.

"முதல்ல வடக்கே வளப்பு," என்றார். "நீயும் வா. தனியா போக எனக்குத் தைரியம் இல்ல."

வழியில் ஓணத்துக்குப் பிறகு கையெழுத்து விழுமா என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஜானகி ஏடத்தி மாஷைக் கண்டதும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தாள். பவித்ரன் நாற்காலியை விட்டு எழுந்தான், மரியாதைக்கு. மாஷ் நாற்காலியில் உட்காரவில்லை. படியிலேயே உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து ஒரு காகிதத்தை எடுத்தார். அரைப்பக்கம். அதன் ஓரத்தில் பசை தடவி, பிரசீதா கொடுத்த பிரதியில் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒட்டி அழுத்தினார்.

"ஏடத்தி, முந்நூறு புஸ்தகத்துலயும் இத ஒட்டுறோம். தப்பு என்னோடது."

ஏடத்தி காகிதத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். "கையெழுத்து இல்லையே? அச்சுதானே?"

"அச்சுதான்."

அவள் கண்ணாடியைத் தேடவில்லை. புத்தகத்தை அப்படியே மகனிடம் நீட்டினாள். "படி."

பவித்ரன் வாங்கினான். வாய்க்குள்ளேயே படித்தான். "கொட்டகையில் எங்களுக்குப் படித்துக்காட்டியவர் வடக்கே வளப்பில் சாத்து. ஒன்பது வருஷத்தில் அவர் ஒரு பீடிகூடச் சுற்றியதில்லை." நிறுத்தி, நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். நான் அப்போதே சொன்னேனே என்பதுபோல.

"நிறுத்தாதே. மேலே படி."

"சுற்ற நாங்கள் விடவில்லை. கைக்கு அவருக்கு ஓய்வு வேண்டும் என்றல்ல, எங்கள் காதுக்கு அவர் வேண்டும் என்றுதான். ஐம்பத்திரண்டு பேரும் தினமும் தலைக்குப் பதினைந்து பீடி அவர் முறத்தில் போட்டோம். ஒருநாளும் ஒருவனும் முகம் சுளித்ததில்லை. அவர் படித்ததைக் கேட்டுத்தான் இரண்டு பேர் இரவுப் பள்ளிக்குப் போனோம், அதில் நான் வாத்தியாரானேன். கம்பெனிப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை, ஏனென்றால் அவர் கம்பெனியின் ஆள் இல்லை, எங்கள் ஆள். இந்தப் புத்தகத்தில் இல்லாமல் போனதற்குக் காரணம் நான்."

பவித்ரன் படித்து முடித்துவிட்டான். ஆனால் கண் காகிதத்தைவிட்டு எழவில்லை. மாஷ் முற்றத்து மழைத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா முனகுறே?" என்றாள் ஜானகி ஏடத்தி. "எனக்கே பாதி கேக்கல. உன் அச்சன் படிச்சா ரோட்டுல போற வண்டிக்காரன் நிறுத்திக் கேட்டுட்டுப் போவான். உரக்கப் படி."

பவித்ரன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எழுந்து நின்று, முதலிலிருந்து தொடங்கினான்.